மாங்கனிக்கு ஒரு கண்ணாடி

பாரீஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர்காலம், மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பல் பக்கம் போனால் முருங்கைக்காய் முதல் இடியாப்ப மாவு வரை கிடைக்கும். விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது.

என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வேலைதான், கண்ணாடி. நீங்கள் சாமி படத்துக்கு முன்னால் போடுவதை நாங்கள் வெறும் இருட்டுக்கு முன்னால் போடுகிறோம். மேடை மாயாஜால வித்தைகளை வைத்துக் கலைக்கூடம் ஒன்றுக்கு அறை அறையாகக் காட்சி அமைக்கிறார்கள். ஓர் அறையில் எதிரெதிரே இரண்டு நாற்காலி, நட்டநடுவே சாதாரணக் கண்ணாடி. இரண்டு பக்கமும் வெளிச்சத்தை மெல்ல ஏற்றி இறக்கினால், உட்கார்ந்திருப்பவர் முகமும் எதிரே இருப்பவர் முகமும் ஒன்றாகக் கலந்துபோகும். நாற்காலி ஒரு சாண் தள்ளிப்போனாலும் கண்ணும் மூக்கும் பொருந்தாது. அதனால் நாற்காலிக் கால்களைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்கள்.

இதற்கு மூலம் ஒரு பழைய நாடகமேடை வித்தை. 1862 டிசம்பரில் லண்டனில் பெப்பர் என்பவர் மேடையில் பேயை வரவழைத்துக் காட்டினார். யோசனை டிர்க்ஸ் என்ற பொறியாளருடையது, பெயர் என்னவோ பெப்பருக்குத்தான். மேடைக்கு முன்னால் பள்ளத்தில் ஒரு நடிகர், அவர்மேல் பலத்த வெளிச்சம், மேடையில் சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடி. அதில் விழும் நடிகரின் பிம்பம் ஜனங்களுக்கு மேடைமேல் பேயாகத் தெரியும். அவ்வளவுதான்.

மாங்கனித் திருவிழாவுக்குத் தெருமுனையில் காரைக்கால் அம்மையார் காட்சி வைக்கப்போவதாக எழுதியிருந்தீர்களே, அதற்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. வெறுங்கையில் பழம் வர வேண்டும், கணவன் பரமதத்தன் கையில் வாங்கியதும் மறைய வேண்டும். இரண்டையும் ஒரே கண்ணாடி செய்யும்.

பார்க்கும் திறப்பு 2 அடிக்கு 2 அடி போதும். கண்ணாடியைச் செங்குத்தாக, 45 டிகிரி திருப்பி நிறுத்துங்கள்: இடது ஓரம் ஜனங்கள் பக்கம், வலது ஓரம் உள்ளே தள்ளி. 2 அடிச் சதுரத்தின் மூலைவிட்டம் 2 அடி 10 அங்குலம். சட்டத்தின் பள்ளத்துக்குள் போக ஓரம் விட்டு, 3 அடிக்கு 2 அடி 2 அங்குலமாக வெட்டுங்கள். 4 எம்.எம். போதும், ஆறு கிலோதான் வரும். தடிமன் கூடினால் இன்னொரு தொல்லை. முன்முகத்திலிருந்தும் பின்முகத்திலிருந்தும் தனித்தனி பிம்பம் எழும். 4 எம்.எம்.மில் அவை 3 எம்.எம். விலகும், ஆறடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. 10 எம்.எம். போட்டால் மாம்பழம் இரட்டையாகிவிடும். சூடாக்கிக் கடினமாக்கிய டஃபன்டு கண்ணாடியும் வேண்டாம், சூட்டோடு உருளைமேல் ஓடும்போது அதில் விழுந்த அலை பிம்பத்தை நெளிய வைக்கும்.

கண்ணாடிக்குப் பின்னால், நடுவிலிருந்து 2 அடியில் அம்மையார் சிலையின் கை. வலது பக்கம், முன்பலகை மறைக்கிற தனி அறையில், அதே நடுவிலிருந்து அதே 2 அடியில், அதே உயரத்தில் நிஜ மாம்பழம். டேப் வைத்து அளந்தால் மட்டும் பொருந்தாது. முதலில் கையிலும் ஒரு பழத்தை வையுங்கள். முன்னால் ஒருவர் நின்று பார்த்து, இரண்டும் ஒன்றாகும் வரை அறைப் பழத்தை நகர்த்தச் சொல்லட்டும். அந்த இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துவிட்டுக் கைப்பழத்தை எடுத்துவிடுங்கள். பிம்பம் இடவலம் மாறும் என்பதால் பழத்தின் மூக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்.

அந்தக் கோணத்தில் கண்ணாடி பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் திருப்பும், மீதி ஊடுருவிப் போய்விடும். அதனால் பழத்தின்மேல் சிலைக்குப் போடுவதைப் போல ஒன்பது மடங்காவது வேண்டும். இந்த வித்தை வெளிச்சத்தைக் கூட்டத்தான் செய்யும், எதையும் மறைக்காது. பழம் தோன்றும் இடத்துக்குப் பின்னால் வெளிச்சமாக எது இருந்தாலும் பழத்துக்குள்ளே அது தெரியும். உள்ளங்கைக்குப் பின்னால் கறுப்பு வெல்வெட் துண்டு ஒன்று கட்டாயம். பங்கனப்பள்ளி மாதிரி மஞ்சள் பழமாக வாங்குங்கள். பச்சைக் கிளிமூக்கு மங்கலாகத்தான் எழும்.

அறைச் சுவருக்கு எனாமல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள், பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்ட்தான் சரி. விளக்குக்குக் கறுப்பு அட்டையில் கூம்பு செய்து மாட்டுங்கள், வெளிச்சம் பழத்தைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. கண்ணாடிமேல் விழுந்தால் அதிலுள்ள தூசி அத்தனையும் நட்சத்திரமாக மின்னும். கடற்காற்றில் உப்புப் படியும், சாயங்காலம் திறப்பதற்கு முன் தண்ணீர் தொட்ட பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். விரல் ரேகை ஒன்று இருந்தாலும் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், பெரியவர்கள் விட்டாலும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கச் சாதாரண எல்.இ.டி. பல்பில் ரெகுலேட்டர் போட்டால் மினுக்கும். பழைய குண்டு பல்பும் டிம்மரும் நல்லது. தோன்ற மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள். மறைவது சட்டென்று. குண்டு பல்பு சூட்டில் பழம் துவளும், தினமும் மாற்ற வேண்டிவரும்.

பரமதத்தனாக நிற்கிற பையனுக்கு ஒன்று சொல்லிவையுங்கள்: கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அவன் கண்ணுக்கு அம்மையார் கையில் பழம் தெரியாது, முன்னால் நிற்பவர்களுக்கு மட்டும்தான். அடையாளம் வைத்து ஒத்திகை பார்க்கணும். அவன் கைமேல் வெளிச்சம் அதிகமானால் பழத்துக்குள் விரல் தெரியும்.

கயிறு கட்டி ஜனங்களை ஆறடி தள்ளி நிறுத்துங்கள். ஓரமாகப் போய் எட்டிப் பார்ப்பவருக்குச் சட்டம் தெரிந்துவிடும். தெருவிளக்கை அன்றைக்கு மறைக்காவிட்டால் இவ்வளவும் வீண்.

இங்கே கிரேவின் மெழுகுச்சிலை அருங்காட்சியகத்தில் இன்னொரு வகைக் கண்ணாடி வித்தை இருக்கிறது. 1900 பாரீஸ் உலகக் கண்காட்சிக்காகக் கட்டி, 1906இல் அங்கே கொண்டுவந்த அறுகோண அறை. ஆறு பக்கமும் ஆளைவிட உயரமான முகம் பார்க்கும் கண்ணாடி. மூலைகள் சுழன்றால் அறையே வேறாகும்: ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனை, காடு, பிறகு நம்ம கோயில்! பிம்பத்துக்குள் பிம்பமாகத் தூரம் போகப் போகப் பச்சை ஏறுகிறது, கண்ணாடியில் இருக்கும் இரும்புச் சத்துதான் காரணம். நம் ஊர்க் கோயில் கண்ணாடி அறையிலும் கடைசி பிம்பத்தைப் பாருங்கள், அதே பச்சை.

சட்டம் செய்ததும் ராத்திரியில் இடது ஓரத்திலிருந்து ஒன்று, வலது ஓரத்திலிருந்து ஒன்று போட்டோ எடுத்து அனுப்புங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறது என்று சொல்கிறேன். சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்