எங்களைக் கைநாட்டு ஆக்காதீர்கள்

ஓடிடி தளங்களை நடத்தும் பெரியோர் அனைவருக்கும்,

வணக்கம். எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்கே தெரியும். படத்துக்குக் கீழே, பார்த்தவர்கள் நாலு வரி எழுத ஒரு பெட்டி இருந்ததே, அதைப் பற்றித்தான். உங்களில் ஒருவர் போன மாதம் அதை எடுத்துவிட்டார். யார் என்று பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் 'நல்லவேளை, நாங்கள் இல்லை' என்று இந்த மடலை மூடிவிடுவீர்கள். பெட்டி இருந்த இடத்தில் இப்போது இரண்டு கட்டைவிரல்கள். ஒன்று மேலே பார்க்கிறது, ஒன்று கீழே பார்க்கிறது. 'உங்கள் அனுபவத்தை இன்னும் எளிமையாக்கியிருக்கிறோம்' என்று ஒரு மின்னஞ்சலும் வந்தது. எளிமைதான், மறுக்கவில்லை. வாயைக் கட்டிவிட்டால் பேசுகிற வேலை மிச்சம்.

பெட்டியோடு என் அப்பா எழுதியதெல்லாம் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பொடி எழுத்துப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டுத் தொடர்கள் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் தற்செயலாகக் கீழே வரை தள்ளிப் பார்த்தவர், "இதுல யார் வேணும்னாலும் எழுதலாமா?" என்று கேட்டார். எழுதலாம் என்றேன். அன்று ராத்திரி பதினொரு மணி வரை அவர் அறையில் விளக்கு எரிந்தது. ஒரே விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டச்சு செய்வார். 'ழ' எங்கே இருக்கிறது என்று முதல் வாரம் முழுக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆறு வரி எழுத முக்கால் மணி நேரம் ஆகும். எழுதியதைச் சத்தமாக ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்.

அவர் எழுதியதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் பிழை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியதால் தப்பித்தது. ஒரு துப்பறியும் தொடரைப் பற்றியது:

"கொலையாளி யார் என்று நாலாவது எபிசோடிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அந்தப் பெண் அதிகாரி ஒவ்வொரு முறையும் வீட்டு வாசலில் சாவியைப் பூட்டில் போட்டுவிட்டு, திறக்காமல் கொஞ்ச நேரம் நிற்கிறார். எதற்கு நிற்கிறார் என்று கடைசியில்தான் புரிகிறது. அதற்காகவே பார்க்கலாம். இரண்டு எபிசோடு குறைத்திருக்கலாம். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை."

கடைசி வரி அவருடைய முத்திரை. கதையில் நாய் வந்தால், அது பிழைத்ததா இல்லையா என்பதைத் தவறாமல் குறிப்பிடுவார். கொலையாளி யார் என்பதை மட்டும் ஒரு நாளும் வெளியே விடமாட்டார். இதன் கீழே முகம் தெரியாத ஒருவர், "நாய் விஷயம் சொன்னதற்கு நன்றி ஐயா. அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன்" என்று எழுதியிருந்தார். ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அதைக் காட்டினார். பணி ஓய்வு விழாவில் கொடுத்த கேடயத்தைக்கூட அவர் அப்படி யாருக்கும் காட்டியதில்லை.

மூன்று வருடத்தில் 217 எழுதினார். எண்ணி வைத்திருந்தார்.

போன மாதம் ஒரு காலை, கைப்பேசியை என்னிடம் நீட்டி, "எங்கம்மா போச்சு நான் எழுதினது?" என்றார். அவர்தான் எதையோ தவறாக அழுத்தியிருப்பார் என்று நினைத்துத் தேடினேன். கணக்கைத் திறந்து பார்த்தேன், வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன், உதவிப் பக்கத்தைப் படித்தேன். அப்புறம்தான் அந்த மின்னஞ்சலைக் கவனித்தேன். விளம்பரங்களோடு விளம்பரமாகப் பத்து நாளாகக் கிடந்திருக்கிறது. எழுதியதை எடுத்து வைத்துக்கொள்ள வழி உண்டா என்பது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்: 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.' எந்தக் கருத்து? அதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்?

அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, இனிமேல் இந்தக் கட்டைவிரலைத்தான் அழுத்தணும் என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா கைநாட்டு. எதுக்கும் கட்டைவிரலைத்தான் உருட்டுவார். நான் படிச்சவன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான்: எழுதியதைத் திருப்பிக் கொடுங்கள், எழுத இடம் கொடுங்கள்.

இது உங்களில் ஒருவர் மட்டும் செய்ததில்லை என்பதும் தெரியும். நெட்ஃபிளிக்ஸ் 2017-ல் ஐந்து நட்சத்திரங்களை எடுத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தது. 2018-ல் பயனர்கள் எழுதிய விமர்சனங்களை மொத்தமாக நீக்கியது. பயன்படுத்துகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். எழுதும் வசதி இணையதளத்தில் மட்டும்தான் இருந்தது. ஜனங்கள் படம் பார்க்கிற தொலைக்காட்சிச் செயலியில் கிடையாது. கதவைப் பூட்டிவிட்டு, யாரும் உள்ளே வருவதில்லை என்று கணக்குச் சொன்ன மாதிரி. 2022-ல் ஒரு பெரிய முன்னேற்றம் வந்தது: இரட்டைக் கட்டைவிரல். ரொம்பப் பிடித்திருந்தால் அதை அழுத்தலாம். துரோணர் ஏகலைவனிடம் கட்டைவிரலை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற நாலு விரலை விட்டுவைத்தார். நீங்கள் நாலையும் எடுத்துக்கொண்டு கட்டைவிரலை மட்டும் விட்டிருக்கிறீர்கள்.

இத்தனைக்கும் எங்கள் கருத்துக்கு மதிப்பில்லை என்று உங்களால் சொல்லவும் முடியாது. 2006-ல் இதே நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டி அறிவித்தது. யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று கணிக்கும் தன் முறையை 10 சதவீதம் மேம்படுத்திக் கொடுப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு. போட்டியாளர்கள் பழகிப் பார்க்கக் கொடுத்தது என்ன தெரியுமா? ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் சந்தாதாரர்கள் சாதாரணமாக உட்கார்ந்து போட்ட 10 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திர மதிப்பெண்கள். 2009-ல் ஒரு குழு பரிசை வாங்கிக்கொண்டு போனது. மதிப்பெண் போட்டவர்களுக்கு அடுத்த சில வருடங்களில் நட்சத்திரமும் போனது, எழுதுகிற இடமும் போனது.

இப்போது எங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்பதை எங்களைக் கேட்காமலே தெரிந்துகொள்கிறீர்கள். எவ்வளவு நேரம் பார்த்தோம், எங்கே நிறுத்தினோம், எந்த இடத்தில் வேகமாக ஓட்டினோம் என்பதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. ஆனால் அது கருத்தா? 2020-ல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு கணக்கு வைத்திருந்தது: 2 நிமிடம் ஓடினாலே அதை ஒருவர் பார்த்ததாக எடுத்துக்கொள்வோம் என்று. அதற்கு முன்பு 70 சதவீதமாவது பார்த்திருக்க வேண்டும். என் அப்பா 2 நிமிடத்தில் மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடி எடுத்திருக்க மாட்டார். இப்போது மொத்தம் பார்த்த நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுக்கிறார்கள். முன்னதைவிட இது தேவலை. ஆனாலும், திட்டிக்கொண்டே கடைசி வரை பார்த்தவனும், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தவனும், டிவி முன்னால் தூங்கிப்போனவனும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். எங்கள் வீட்டில் இந்த மூன்று பேரும் ஒரே சோபாவில் இருப்போம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தைப் பற்றிப் பேச்சு எப்போது தொடங்கும்? முடிந்தவுடன். பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது யாரும் எழுந்திருக்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்போம். அப்போது யாராவது ஒருவர், "அப்போ அவ கடைசியில சொன்னது பொய்யா?" என்று ஆரம்பிப்பார். அந்த ஒரு நிமிடத்தைக்கூட நீங்கள் விடுவதில்லை. பெயர்கள் மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும், அடுத்ததற்கு 5, 4, 3 என்று எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். சாவு வீட்டுக் காட்சியில் முடிந்த படத்தின் மேல் ஏதோ ஒரு சமையல் போட்டியின் கைதட்டல் வந்து விழுகிறது. ரிமோட்டைத் தேடி எடுத்து அதை நிறுத்துவதற்குள், சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

அப்புறம் அந்த முகப்புப் படங்கள். ஒரே சினிமாவுக்கு ஆளுக்குத் தகுந்த மாதிரி ஆளுக்கொரு முகப்புப் படம் காட்டுகிறீர்கள். "அந்த நீலக் குடை வெச்சிருக்குமே, அதைப் பாரு" என்று அப்பா சொன்னால் என் கணக்கில் குடையும் இல்லை, நீலமும் இல்லை. இரண்டு பேர் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர் ஒரே படத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆகிறது. தேடிப் பிடிப்பதற்குள் உரிமம் முடிந்து படமே தளத்தை விட்டுப் போயிருக்கும், அது தனிக்கதை.

சரி, கோபம் எங்கெங்கோ போகிறது. மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது பெட்டியைத்தான்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. பெட்டியைத் திறந்து வைத்தால் குப்பையும் வரும். படம் வெளிவருவதற்கு முன்பே கூட்டமாக வந்து ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் பட விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் 2019-ல், வெளிவராத படங்களுக்குக் கருத்து எழுதுவதையே நிறுத்தியது. அதே வருடம், டிக்கெட் வாங்கியதை உறுதி செய்தவர்களின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டவும் தொடங்கியது. சினிமாத் தகவல் தளமான ஐஎம்டிபி கதை இன்னும் வேடிக்கை. 1990-ல் இணையக் குழு ஒன்றில் சினிமா பேசிக்கொண்டிருந்தவர்கள் தொகுத்த பட்டியல்களிலிருந்து பிறந்த தளம் அது. 2017 பிப்ரவரியில் அவர்களே தங்கள் விவாதப் பலகைகளை மூடினார்கள். பேச்சில் பிறந்த இடத்துக்கே பேச்சு பாரமாகிப்போனது.

ஆனால் அவர்களுக்கு இருக்கிற சிக்கல் உங்களுக்கு இல்லையே. எழுதுகிறவர் படத்தைப் பார்த்தாரா என்று அவர்கள் டிக்கெட்டைத் தேட வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அது நொடிக்கணக்கில் தெரியும். பார்த்து முடித்தவர் மட்டும் எழுதட்டும் என்று ஒரு விதி போதும். பாதியில் விட்டவர் எழுதினால் 'பாதியில் விட்டவர்' என்று பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள். எதற்காகப் பாதியில் விட்டார் என்பதும் எனக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான். கதையின் முடிச்சை அவிழ்க்கிற வரிகளை மறைத்து வையுங்கள், வேண்டியவர்கள் அழுத்திப் பார்த்துக்கொள்வோம். வசவுகளை நீக்க ஆள் போடுங்கள். நாங்கள் எந்தக் காட்சியில் எழுந்து போனோம் என்பதைக் கண்காணிக்கத் தெரிந்த உங்களுக்கு, ஒரு வசவைக் கண்டுபிடிப்பது மட்டும் முடியாத காரியமா?

சதவீதம் காட்டுகிறோமே, போதாதா என்று கேட்பீர்கள். நூறு பேர் 'பரவாயில்லை, பொழுதுபோகும்' என்று மேல்விரலை அழுத்தினால் அது நூறு சதவீதம். ஐம்பது பேர் உயிரை விட்டுக் கொண்டாடி, ஐம்பது பேர் வெறுத்தால் அது ஐம்பது சதவீதம். நான் பார்க்க ஆசைப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது படமாகத்தான் இருக்கும். எதற்குக் கொண்டாடினார்கள், எதற்கு வெறுத்தார்கள் என்று நாலு வரி இருந்தால் தெரிந்துகொள்வேன். வாசலில் சாவியைத் திருப்பாமல் நிற்கிற அந்தப் பெண்ணை எந்தச் சதவீதத்தில் காட்டுவீர்கள்?

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதலாவதாக, நீக்கிய விமர்சனங்களை எழுதியவர்களிடம் ஒரு கோப்பாகவாவது திருப்பிக் கொடுங்கள். அழித்துவிட்டீர்கள் என்றால் அழித்துவிட்டோம் என்றாவது சொல்லுங்கள். 'உங்கள் கருத்து முக்கியம்' என்று நாலாவது முறையும் அனுப்பாதீர்கள். அடுத்து, எழுத இடம் கொடுங்கள். பெரிதாக வேண்டாம், ஆறு வரி கொள்ளும் பெட்டி போதும். அப்பா அதற்குமேல் எழுதியதில்லை.

எழுதியதைத் திருப்பிக் கொடுங்கள், எழுத இடம் கொடுங்கள். மறுபடி மறுபடி கேட்பதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். 'அடுத்து இதைப் பாருங்கள்' என்று நீங்களும்தான் ஒரே படத்தை ஆறு மாதமாக என் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
சந்தாவைத் தவறாமல் கட்டிவரும் ஒருத்தி

பி.கு.: போன வாரம் நீங்கள் பெரிதாக விளம்பரம் செய்த அந்தப் பனிமலைத் தொடரை அப்பா நேற்று முடித்தார். எட்டு எபிசோடு. நடுவில் இழுக்கிறதாம், ஆனால் மாமனாராக வருகிறவர் பேசாமலே நடித்திருக்கிறாராம். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எங்கே எழுதுவது என்று கேட்கிறார்.