பேர் வைக்கிற அன்னிக்கு

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுறேன். 'எல்லாம் சரிதானே'ன்னு வாட்ஸ்அப்ல மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் கட்டைவிரலைத் தூக்கின பொம்மை ஒண்ணுதான் வந்துச்சு. அதான் காகிதத்தை எடுத்தேன்.

மஞ்சக்குப்பத்துல மண்டபம் பேசியாச்சு. ஜெனரேட்டர் இல்லாத மண்டபமே வேண்டாம்னுட்டேன். ஃபேனுக்காகச் சொல்றேன்னு உங்கப்பா நினைச்சுக்கிட்டார். கரண்ட் போனா எங்களுக்கு வேர்க்கும், அவ்வளவுதான். காது கேட்காம கையால பேசுற உன் கூட்டத்துக்குப் பேச்சே நின்னுபோகும். மேடைக்குப் பின்னால சீரியல் லைட்டும் கிடையாது; அது மின்னிக்கிட்டே இருந்தா முன்னால நிக்கிறவங்க கையும் முகமும் தெரியாது. கிழக்கு ஜன்னலுக்குத் திரை போடச் சொல்லியிருக்கேன். சைகை மொழி இன்டர்பிரெட்டர் ரெண்டு பேரா வரச் சொல்லு. ஒருத்தரே இருபது நிமிஷத்துக்கு மேல செஞ்சா கை ஓயுறதுக்கு முன்னால மூளை ஓஞ்சு, பாதி விட்டுப்போகும். பூப்போட்டது, கட்டம் போட்டது உடுத்த வேண்டாம், கை எடுப்பாத் தெரியணும். ஐயருக்குப் பக்கத்துல அவங்களுக்கு இடம். வீடியோக்காரன் குறுக்கே வந்தான்னா உங்கப்பா பார்த்துப்பார்.

பையன் ராத்திரி தூங்குறானா? அவன் அழுதா மினுக்குற லைட்டு வாங்கிட்டீங்களா? தலையணைக்கடியில வைக்கிற அதிர்வு அலாரமும் சேர்த்து வாங்கிடுங்க. நீ அசந்து தூங்குறவ, லைட்டை மட்டும் நம்பாதே.

பந்திதான் எனக்குப் பெரிய யோசனை. நம்ம வழக்கப்படி எல்லாரையும் ஒரே பக்கம் பார்க்க உட்கார வச்சா, உன் ஆளுங்க பேச கழுத்தை ஒடிச்சுக்கணும். அதனால அவங்களுக்கு எதிரெதிரா டேபிள். வலது கையில சாம்பார், இடது கையில பேச்சு, எனக்குத் தெரியாதா? எதிர்ல இருக்கவங்க கையையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க, பரிமாறுறவன் 'போதுமா'ங்கிறது தெரியாது, பாயசத்து மேல ரசத்தை ஊத்திடுவான். கரண்டியை இலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு, அவங்க நிமிர்ந்து பார்க்கிறவரைக்கும் நில்லுன்னு ஆள் வச்சுச் சொல்லியிருக்கேன். போதும்னா இலைக்கு மேல கையை விரிச்சு மறைப்பாங்க. அது மட்டும் நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சைகை.

சொந்தக்காரங்களுக்கும் பாடம் எடுத்துட்டேன். கூப்பிடணும்னா தோளை லேசாத் தொடு, பின்னாலிருந்து முதுகுல தட்டாதே. ரெண்டு பேர் கையால பேசிக்கிட்டிருந்தா நடுவுல நின்னு, குனிஞ்சு, மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்காதே, நேராப் போயிடு, நிக்கிறதுதான் இடைஞ்சல். மொத்தமாக் கூப்பிட மண்டப லைட்டை ரெண்டு தடவை அணைச்சுப் போடணும், சுவிட்ச் எதுன்னு பார்த்து வச்சிருக்கேன். மொசைக் தரை, காலால தட்டினா அதிர்வு போகாது. பெரியத்தை மட்டும் அந்தப் பழைய வார்த்தையைச் சொல்லும். சொன்னா நான் விடமாட்டேன்.

பையனோட காது டெஸ்ட் விஷயம். பிறந்த ரெண்டு நாள்ல பண்ற ஓஏஇ-ங்கிற முதல் டெஸ்ட்ல 'ரெஃபர்'னு, அதாவது மறுபடி பார்க்கணும்னு வந்தா பயப்பட ஒண்ணுமில்லை, காதுக்குள்ள தண்ணியும், பிறக்கும்போது உடம்புல இருக்கிற வெள்ளை மாவும் ஒட்டியிருந்தாலே அப்படி வரும். மறுபடி பண்ணுவாங்க. அப்பவும் வந்தா பெரா, சத்தம் மூளை வரைக்கும் போகுதான்னு பார்க்கிற டெஸ்ட். அதுக்குப் பிள்ளை அசையாம தூங்கணும், போற வழியெல்லாம் முழிக்க வச்சு, அங்கே போய்ப் பால் கொடு. மூணு மாசத்துக்குள்ள முடிவு தெரியணும், கேட்கலைன்னா ஆறு மாசத்துக்குள்ள செய்ய வேண்டியதை ஆரம்பிச்சுடணும். ஆறு வயசுக்குள்ள காதுக்குள்ள கருவி வைக்கிற ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கு. அதுக்காகச் சொல்லலை. சொந்தத்துல கட்டினது நானும் உங்கப்பாவும்தான், மாப்பிள்ளை அசல். உங்க ரெண்டு பேருக்கும் கேட்காததுக்குக் காரணமான ஜீன் வேற வேறன்னா பிள்ளைக்குக் கேட்கத்தான் வாய்ப்பு அதிகம். அவனுக்கு இப்ப எழுபத்தஞ்சு நாள். மூணு மாசத்துக்குள்ள தெரியணும்னு சொன்னேன் இல்ல?

தாய்மாமன், பையனோட காதுல மூணு தடவை பேரைச் சொல்லணும். அந்த இடத்துக்கு வந்தா எனக்குத் தூக்கம் போயிடுது. உன் சிநேகிதங்க வைக்கிற சைகைப் பேரையும் அப்பவே மேடையில வச்சுடலாமா? உனக்கு அவங்க வச்சது இடது புருவத்துல ரெண்டு தட்டு, தேவனாம்பட்டினத்துல விழுந்த தழும்பு. நாங்க வச்ச பேரை விட உனக்கு அதுதான் பொருந்துது.

உனக்கு நாலு வயசுல, கையை ரெண்டையும் தொடைக்கடியில வச்சுக்கிட்டு உட்காருன்னு சொன்னது டீச்சர்னு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். டீச்சர் இல்லை, நான். வாய்க்கு முன்னால தாளைப் பிடிப்பேன், நீ 'ப' சொல்லித் தாள் ஆடினா ஒரு கடலைமிட்டாய். கை வெளியே வந்தா மிட்டாய் கிடையாது. 'அப்பா' வந்துடுச்சுன்னு தெருவெல்லாம் சொன்னேன். உனக்குப் பசியா, வயித்து வலியா, அது எனக்கு ஒண்ணும் தெரியலை. 1880-ல மிலான்ல வாத்தியாருங்க கூடி, பள்ளிக்கூடத்துல சைகை வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. 2010-ல வான்கூவர்ல கூடி அதுக்கு வருத்தம் தெரிவிச்சாங்க. நான் இன்னிக்கு வரைக்கும் தெரிவிக்கலை.

பேரன் கையையும் பிடிச்சுத் தொடைக்கடியில வச்சுடுவேன்னு நினைச்சுத்தான் சொல்லாம இருக்கியா?

நாங்க சுத்தி வளைச்சுப் பேசுறவங்கன்னு நீ சிரிப்பே. உங்க ஆளுங்க 'குண்டாயிட்டே'ன்னு நேரா மூஞ்சிக்கு முன்னால சொல்வாங்க, கோவிச்சுக்கவும் மாட்டாங்க. உங்க மொழியில கேள்வி கடைசியிலதான் வரும். அப்படியே கேட்கிறேன், முகத்துலயும் கேள்வியைக் காட்டிட்டேன்னு வச்சுக்கோ:

பையன், காது டெஸ்ட், முடிவு, என்ன?

வேன் ஒண்ணா ரெண்டான்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லு. நாலு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்கணும். உங்களுக்கு விடைபெறவே ஒரு மணி நேரம் ஆகும், அதனால மூணு மணிக்கே கிளம்பணும்னு எல்லாருக்கும் சொல்லி வை. ராத்திரி வேன் உள்ள லைட்டு எரியணும். கண்ணாடியில கூசுதும்பான் டிரைவர், அவனுக்குப் பின்னால மட்டும் ஒரு துணியைக் கட்டிக்கட்டும்.

அம்மா