அந்த முதல் பத்தியை எடுத்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

பொருளாதார பிஎச்.டி. விண்ணப்பத்துக்காக நீ எழுதி அனுப்பிய எஸ்.ஓ.பி.யை, அதாவது ஏன் படிக்க வருகிறாய் என்று சொல்லும் கட்டுரையை, இரண்டு முறை படித்தேன். "சிறு வயதிலிருந்தே பொருளாதாரத்தின் மீது எனக்குத் தீராத வேட்கை" என்று தொடங்கியிருக்கிறாய். யாரிடம்டா கதை விடுகிறாய்? உண்மை மெயிலின் கடைசி வரியில்தான் இருந்தது: "அக்கா, உள்ளுக்குள் அப்படி ஒன்றும் பற்றி எரியவில்லை. நான் வரலாமா?" போனில் சொன்னால் பாதியிலேயே 'சரி சரி' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் அமெரிக்காவுக்கு வந்தபோது எனக்கும் எதுவும் எரியவில்லை. கணக்கு ஓரளவு வந்தது, மதிப்பெண் வந்தது, ஐந்து வருடம் உதவித்தொகை தருகிறோம் என்று கடிதமும் வந்தது. கிளம்பி வந்துவிட்டேன். முதல் வருடம் பொருளாதாரமே கண்ணில் படவில்லை என்றால் நம்புவாயா? மைக்ரோ (தனி மனிதர், நிறுவனங்களின் பொருளாதாரம்), மேக்ரோ (மொத்த நாட்டின் பொருளாதாரம்), எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்) என்று மூன்று பாடம், மூன்றிலும் கணித நிரூபணம் மேல் நிரூபணம். அது முடிந்ததும் தகுதித் தேர்வு. இரண்டு முறை தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வறுமையை ஒழித்தே தீருவேன் என்று வந்த தோழி ஒருத்தி, "இதில் மனிதர்களே இல்லையே" என்று சொல்லிவிட்டு இரண்டாம் பருவத்தோடு போய்விட்டாள். அவள் போனது தப்பு என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு வேலை.

எனக்கு இதில் பிடிப்பு வந்தது மூன்றாம் வருடக் குளிர்காலத்தில். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே பனி கொட்டுகிறதா என்பதை உள்ளே வருகிறவர்களின் காலணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். பல சுற்றுகளாக வீடு வீடாகக் கேட்டு எடுத்த குடும்ப ஆய்வுத் தரவு ஒன்றில், தாயின் படிப்புக்கும் பிள்ளையின் படிப்புக்கும் உள்ள தொடர்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு அருமையாக வந்திருந்தது. மூன்று மாத உழைப்பு. ஒரு ராத்திரி ஏதோ உறுத்த, கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். சில நூறு தாய்மார்கள் 99 வருடம் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்! ஒரே ஒரு சுற்றில் மட்டும் 'தெரியாது' என்ற பதிலுக்கு 99 என்று குறியீடு போட்டிருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை. அதைத் திருத்தியதும் என் அருமையான முடிவு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அழுதிருக்க வேண்டும். ஆனால் மண்டையில் ஓடியது வேறு: அந்தச் சுற்றில் மட்டும் ஏன் இத்தனை 'தெரியாது'? இரண்டு வாரம் கேள்வித்தாள்களைப் புரட்டியபின் புரிந்தது. அந்த முறை வீட்டில் யார் இருந்தார்களோ அவர்களிடமே எல்லாருடைய விவரத்தையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு குடும்பத்தைப் பற்றி நாம் நம்பும் எண்கள் யாருடைய வாய்ச்சொல்? என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் அதுதான்.

இதற்குப் பேர் வேட்கை இல்லை. மண்டைக் குடைச்சல். அது வேலைக்கு முன்னால் வராது, வேலை செய்யும்போதுதான் வரும். அமர்த்தியா சென்னே சமஸ்கிருதம், கணிதம், இயற்பியல் என்று மாறி மாறி மயங்கிவிட்டுத்தான் பொருளாதாரத்துக்கு வந்ததாக எழுதியிருக்கிறார். ஒன்பது வயதில் அவர் பார்த்த 1943 வங்கப் பஞ்சம், பஞ்சங்களைப் பற்றிய புத்தகமாக வெளிவந்தது 1981இல்.

இதை வைத்துக்கொண்டு ஆசையே வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதே. இந்தத் தொழிலில் காத்திருப்பு அதிகம். பழைய கார் சந்தையை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதிய கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. 1970இல் நான்காவது இதழ் போட்டது, 2001இல் நோபல் வந்தது. இப்போது நெரிசல் இன்னும் மோசம். துறையின் தலைசிறந்த ஐந்து ஆய்விதழ்கள் தங்களுக்கு வரும் கட்டுரைகளை ஏற்கும் விகிதம் 1970களின் கடைசியில் சுமார் 15 சதவீதமாக இருந்து, 2012 வாக்கில் 6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பக்கத்து மேசை சீனியர் போன இலையுதிர் காலத்தில் வேலைக்கு நூற்றுக்கும் மேல் விண்ணப்பம் போட்டார். அத்தனைக்கும் சேர்த்து கையில் ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை.

நம் பொருளாதார ஆட்கள் கூலியைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்சம் நம் மேலேயே போட்டுப் பார். விரும்பத்தகாத வேலைக்குக் கூடுதல் கூலி கொடுத்தால்தான் ஆள் வரும் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே சொல்லிவிட்டார். அதைத் திருப்பினால், விருப்பமும் கூலியில் ஒரு பங்கு. உனக்கு அந்தப் பங்கு கிடைக்கவில்லை என்றால், மீதிப் பங்கை நன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு வா. நல்லவேளை, நம் படிப்புக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் கதவுகள் உண்டு. மத்திய வங்கிகள், உலக வங்கி, தொழில்நுட்ப நிறுவனங்கள் எல்லாமே ஆள் எடுக்கின்றன. பேராசிரியர் ஆகாமல் போனால் வாழ்க்கையே போச்சு என்று இங்கே யாரும் இல்லை. (சில பேராசிரியர்கள் அப்படி நினைக்கிறார்கள், அது வேறு கதை.)

ஒன்று செய். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் இதழ்களில் கட்டுரையோடு தரவும் கணினி நிரலும் கிடைக்கும். உனக்குப் பிடித்த ஒரு கட்டுரையை எடுத்து, நிரலைப் பார்க்காமல் அதன் முதல் அட்டவணையை நீயே போட்டுப் பார். முதல் தடவை எண்கள் ஒத்துப்போகாது. அப்போது லேப்டாப்பை மூடத் தோன்றுகிறதா, இல்லை எங்கே இடிக்கிறது என்று ராத்திரி ஒரு மணி வரை தேடுகிறாயா? எதுவானாலும் எனக்கு எழுது, திட்ட மாட்டேன்.

எஸ்.ஓ.பி.யில் அந்த வேட்கைப் பத்தியை எடுத்துவிட்டு, எம்.ஏ. புராஜெக்ட்டில் உனக்கு எந்த இடம் புரியாமல் போனதோ அதை எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். திங்கட்கிழமை எனக்குக் கருத்தரங்கு இருக்கிறது, முதல் ஸ்லைடிலேயே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அன்புடன்,
அக்கா