அருவங்காட்டுக்காரருக்கு ஒரு பாடவேளை

நீலகிரியின் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் குன்னூர்ப் பக்கம் பள்ளி முடித்தவன். இப்போது சமவெளியில் ஓர் ஆய்வகத்தில், ஒளித்துகளான ஃபோட்டானை ஒவ்வொன்றாக உமிழும் சில்லுகள் செய்கிறேன். செய்த சில்லு தேறுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு, 'எச்பிடி' (HBT) என்போம். ஆறு வருடம் அப்படியே சொல்லித் திரிந்த பிறகுதான், முதல் இரண்டு எழுத்துக்கும் சொந்தக்காரரான ராபர்ட் ஹான்பரி பிரௌன் 1916இல் நம் அருவங்காட்டில் பிறந்தவர் என்று தெரிந்தது. கூச்சமாகிவிட்டது. மலை ரயிலில் எத்தனை முறை அந்த ஸ்டேஷனைக் கடந்திருப்பேன்!

அவரும் ரிச்சர்ட் ட்விஸ்ஸும் சிரியஸ் விண்மீனின் ஒளியை இரண்டு கண்ணாடிகளில் பிடித்து, அது இரண்டிலும் சேர்ந்தே ஏறி இறங்குவதை வைத்து விண்மீனின் கோண விட்டத்தை, அதாவது வானில் அது எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதை அளந்தார்கள். 1956இல் இது வெளிவந்தபோது இயற்பியலாளர்கள் பலர் நம்பவே மறுத்தார்கள். எங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஒளியை, பாதியை விட்டுப் பாதியைத் திருப்பும் அரைக்கண்ணாடியால் இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் ஒரு டிடெக்டர் வைக்கிறோம். வருவது ஒற்றை ஃபோட்டான் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளிக் ஆகக் கூடாது. அவ்வளவுதான்.

சரி, லேசரை மங்கவைத்தால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டும். துடிப்புக்குச் சராசரி 0.1 ஃபோட்டான் என்று மங்கவைத்தால், 100 துடிப்பில் 90 காலியாகப் போகும். சுமார் 200இல் ஒன்றில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவியை ஃபோட்டான்களில் ஏற்றி அனுப்பும்போது அந்த உபரியைத்தான் ஒட்டுக்கேட்பவர் உருவிக்கொள்வார்.

அதனால்தான் டங்ஸ்டன் டைசெலினைடு என்ற அடுக்கடுக்கான படிகத்தை எடுத்தோம். செலோடேப்பால் உரித்து உரித்து ஒரே அடுக்குக்கு, அதாவது சுமார் 0.7 நானோமீட்டருக்குக் கொண்டுவந்து, நானோ தூண்கள் மேல் விரிக்கிறோம். மழைக்குத் தார்ப்பாய் கட்டும்போது கம்பு முட்டிய இடம் கூம்பாக எழும்புமே, அதே மாதிரி. இழுபட்ட அந்த நுனியில் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) சிக்கி, ஒவ்வொரு ஃபோட்டானாக விடும். 2015இல் இந்தப் பொருளில் அங்கங்கே தானாகத் தென்பட்ட, இப்படி ஒளிரும் புள்ளிகளை, 2017இல் இப்படி வேண்டிய இடத்தில் வரவழைத்தார்கள். ஆனால் சில கெல்வின் குளிர் வேண்டும். ஊட்டிப் பனியெல்லாம் எம்மாத்திரம்.

பிரகாசம்தான் தலைவலி. வெளிவரும் ஒளியில் பெரும்பகுதி லென்ஸை எட்டாமல் அடித்தளத்துக்குள் போய்விடும். அடியில் தங்கப் பூச்சு வைத்துப் பார்க்கிறோம்; வட்டத்துக்குள் வட்டமாகப் பள்ளம் வெட்டி ஒளியை மேலே திருப்புகிறோம். தூண் ரொம்பக் கூர்மையானால் படலம் கிழிந்துவிடும். போன மாதம் ஒரு புள்ளி அருமையாக ஒளிர்ந்தது. எச்பிடியில் போட்டால் தேறவில்லை. பக்கத்துப் புள்ளியின் ஒளியும் கலந்திருக்கிறது! மூன்று வார வேலை போயிற்று.

பிளஸ் டூவில் இருமைப் பண்பு பாடம் வரும்போது ஒரு பாடவேளையை அருவங்காட்டுக்காரருக்கு ஒதுக்குங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருவேன். கூப்பிட்டால் நானே வந்து நடத்துகிறேன். செலோடேப்பும் கிராஃபைட் துண்டும் கொண்டுவருகிறேன், பிள்ளைகளே உரித்துப் பார்க்கட்டும். லேபில் இருக்கும் நல்ல மைக்ரோஸ்கோப் ஒன்றை மட்டும் துடைத்து எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்