மச்சம் எங்கே என்று எழுதினோம், அடி விழுந்தது எங்கே என்று எழுதவில்லை

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், மாவட்ட ஆட்சியர்களுக்கும்,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் டியூட்டி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனை ஏ.ஆர். போட்டிருப்பேன் என்று எண்ணி வைக்கவில்லை. சில பேனாக்களாவது தீர்ந்திருக்கும்.

ஏ.ஆர். என்றால் விபத்துப் பதிவேடு. அடிதடி, வெட்டு, வண்டியில் விழுந்தது என்று யார் வந்தாலும் டியூட்டி டாக்டர் அதில் எழுதியாக வேண்டும். பெயர், வயது, யார் கூட்டி வந்தார், எத்தனை மணிக்கு வந்தார். அப்புறம் இரண்டு அங்க அடையாளம். இந்த இடத்தில் நாங்கள் ரொம்பக் கறார். ரத்தம் சொட்டச் சொட்ட ஒருவர் படுத்திருப்பார், சட்டையை விலக்கி மச்சம் தேடுவோம். “இடது முன்கை, மணிக்கட்டுக்கு மூன்று சென்டிமீட்டர் மேலே கறுப்பு மச்சம்” என்று அளந்து எழுதுவோம்.

அதற்கடுத்த வரி எல்லோருக்கும் மனப்பாடம்: தெரிந்த நபர்கள் மூன்று பேர், கட்டையாலும் கையாலும், இரவு சுமார் ஒன்பதரை மணிக்கு, இன்ன இடத்தருகே தாக்கியதாகச் சொல்கிறார். ஆள் எத்தனை, ஆயுதம் என்ன, நேரம் என்ன என்பதெல்லாம் வந்துவிடும். இடம் மட்டும் “பஸ் ஸ்டாண்ட் அருகே” என்று நின்றுவிடும். மச்சத்துக்கு சென்டிமீட்டர் கணக்கு, சம்பவ இடத்துக்கு ஒரு ஊர்ப் பெயர். பல வருடம் நானும் அப்படித்தான் எழுதினேன்.

ஒரு தீபாவளி மாதம் மூன்று பேருக்கு உடைந்த பாட்டில் வெட்டுக்குத் தையல் போட்டேன். மூன்றும் வேறு வேறு ராத்திரி. ஒருவருக்கு “பஸ் ஸ்டாண்ட் அருகே” என்று எழுதியிருந்தேன், இன்னொருவருக்குத் தெருப் பெயர், மூன்றாமவருக்கு “ஒயின் ஷாப் பக்கம்”. டிரெஸ்ஸிங் கட்டிக்கொண்டிருந்த ஊழியர் அந்தப் பக்கம் குடியிருப்பவர். “சார், மூணும் ஒரே சந்துதான். மூத்திரச் சந்து. லைட்டு எரிஞ்சு நாலு மாசமாச்சு” என்றார். மூவரில் ஒருவர் “கேஸெல்லாம் வேண்டாம் சார்” என்றவர். இன்னொருவர் கீழே விழுந்ததாக எழுதச் சொல்லிக் கெஞ்சியவர். அவுட்போஸ்ட் போலீசுக்குத் தகவல் போனது, ஆனால் புகார் ஒன்றுதான். போலீஸ் கணக்கில் அந்தச் சந்தில் நடந்தது ஒரே ஒரு சம்பவம்.

மேலதிகாரிகளிடம் சொன்னேன். “அது நம்ம வேலையா டாக்டர்?” என்றார்கள். நியாயமான கேள்விதான். பதில் என்னிடம் இருக்கவில்லை. சில மாதத்தில் எனக்கு மாற்றல் வந்துவிட்டது, அந்த லைட் எரிந்ததா என்று இன்றுவரை தெரியாது.

பதில் வேறொரு ஊரில் ஏற்கெனவே இருந்தது என்று பின்னால்தான் படித்தேன். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப். ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடை அறுவை மருத்துவர், உடைந்த தாடைகளையும் கிழிந்த முகங்களையும் ஒட்டித் தைத்துக்கொண்டிருந்தவர். தன்னிடம் வரும் அடிதடிக் காயங்களில் பெரும்பகுதி போலீஸ் ஏட்டிலேயே இல்லை என்று கண்டுபிடித்தார். 1990-களின் பிற்பகுதியில் மருத்துவமனை, போலீஸ், மாநகராட்சி மூன்றையும் ஒரே மேசைக்கு வரவழைத்தார். அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் நாலைந்து கேள்வி கேட்டார்கள்: எந்தத் தெரு, எந்த மதுக்கூடம், எத்தனை மணி, என்ன ஆயுதம், எத்தனை பேர். பெயரை எடுத்துவிட்டு மற்றதை மாதாமாதம் மேசைக்கு அனுப்பினார்கள்.

அதை வைத்து வார இறுதி இரவுகளில் ரோந்தை நகரின் மையத்துக்கு மாற்றினார்கள், கேமரா எங்கே வேண்டும் என்று முடிவு செய்தார்கள், சண்டைக்குப் பேர்போன மதுக்கூடங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். கண்ணாடிக் கோப்பைக்குப் பதில் பிளாஸ்டிக் வரைக்கும் போனது. 2011-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கணக்கு வந்தது. வன்முறைக் காயத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் கார்டிஃபில் ஒரு லட்சம் பேருக்கு மாதம் 7 என்பதிலிருந்து 5 ஆகக் குறைந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த 14 நகரங்களில் அது 5-லிருந்து 8 ஆக ஏறியிருந்தது.

படித்துவிட்டு எனக்கு வந்தது ஆச்சரியம் கூட இல்லை, ஒரு எரிச்சல். அவர்கள் புதிதாகக் கேட்க ஆரம்பித்த கேள்விகளை நாம் தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கேட்டு, எழுதி, கார்பன் நகல் எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். அந்தப் புத்தகம் மறுபடி வெளிச்சம் பார்ப்பது ஐந்தாறு வருடம் கழித்துக் கோர்ட்டில்தான். எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கமான கேள்வியைக் கேட்பார்: “கீழே விழுந்தாலும் இப்படிக் காயம் ஏற்பட வாய்ப்புண்டா?” நான் “உண்டு” என்பேன். பேட்டா வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

சாலை விபத்துக்கு மட்டும் நாம் விழித்துக்கொண்டோம், அதை மறுக்க மாட்டேன். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 பேர் இறந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. பங்களிப்போடு உருவான செயலியில் விபத்து நடந்த புள்ளியையே போலீஸ்காரர் பதிகிறார். 108 வந்தது, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ வந்தது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று வருடத்தில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்து, அல்லது பத்து மரணம் என்றால் அது கரும்புள்ளி. பலகை வைக்கிறோம், வேகத்தைக் குறைக்க ஏற்பாடு செய்கிறோம்.

அதிலும் ஒரு ஓட்டை. ஜல்லி கொட்டிய வளைவில் சறுக்கி முட்டி பெயர்ந்து வருகிறவர் போலீசுக்குப் போவதில்லை. அதே வளைவில் இன்னொருவர் சாகும்வரை அது எந்தப் புள்ளியும் கிடையாது. வெட்டுக்குத்துக்கோ கரும்புள்ளி என்ற பேச்சே இல்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஏ.ஆர். பதிவில் இடத்துக்கென்று தனியாக ஒரு கட்டம் வேண்டும், அதில் எந்தக் கடைக்கு எதிரே, எந்தச் சந்து, எந்தக் கம்பம் என்று எழுத வேண்டும். டாக்டர் எழுத வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை, நெரிசல் நேரத்தில் அவரால் முடியாது. ஓ.பி. சீட்டு போடுகிறவர் கேட்டால் போதும், ஒரு நிமிட வேலை. மாதம் ஒருமுறை பெயர், முகவரி, வயது, சாதி எதுவும் இல்லாமல் இடம், கிழமை, நேரம், ஆயுதம் மட்டும் தொகுத்து மாவட்டத்துக்குப் போகட்டும். மேசை ஏற்கெனவே இருக்கிறது: ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. போலீஸ், நெடுஞ்சாலை, போக்குவரத்து எல்லோரும் அங்கே உட்கார்கிறார்கள். கூட்டம் முடிந்து டீ வரும் நேரத்தில் அரை மணியை இதற்குக் கொடுங்கள்.

பயப்பட வேண்டிய இடங்களும் உண்டு, அதை மறைத்துவிட்டு எழுதினால் நான் நேர்மையாக எழுதியதாகாது. சென்னையில் சில பகுதிகளின் பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்க யோசிக்கிறார்கள். வரைபடத்தில் அங்கே சிவப்பு அடித்துப் பத்திரிகைக்குக் கொடுத்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு அடி. ஆகவே தெரு விளக்கு, மதுக்கடை, பஸ் நிறுத்தம் அளவில் புள்ளி வைத்து அந்த மேசைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி சொன்ன இடத்தை வைத்து அந்தச் சந்தில் நிற்கிற பையன்களை அள்ளிக்கொண்டு போகக் கூடாது. அப்படி ஒரு தடவை நடந்தாலும் மறுநாள் முதல் எல்லோருமே “கீழே விழுந்துட்டேன்” என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுக்குள் அடி வாங்கி வரும் பெண்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இரண்டு முன்கையிலும் விரல் பதிந்த கன்றல் எப்படி வரும் என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிற கணவரைப் பார்ப்பார்கள். அந்த வீடுகள் எந்த வரைபடத்திலும் வரவே கூடாது. அவர்களுக்குத் தனியறையில் ஒரு நர்ஸ், 181 பெண்கள் உதவி எண், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான சகி மையம், அது வேறு வழி. விஷம் குடித்து வருகிறவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தனியார் மருத்துவமனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் சிகிச்சை, சம்பிரதாயம் பிறகு என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றும் சில இடங்களில் எம்.எல்.சி., அதாவது போலீசுக்குச் சொல்ல வேண்டிய கேஸ், என்றாலே “ஜி.எச்.சுக்குப் போங்க” என்கிறார்கள். அவர்களை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

தொடங்க ஒரு மாவட்டம் போதும். என்னைக் கேட்டால் நீலகிரி. காலி மதுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் உயர் நீதிமன்றத் தலையீட்டால் 2022-ல் அங்கேதான் முதலில் வந்தது, காட்டுக்காகவும், யானைகளின் காலில் கண்ணாடி குத்தாமல் இருப்பதற்காகவும். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. தெருவில் காலிப் பாட்டில் கிடைக்காவிட்டால் கோபத்தில் கைக்கு எட்டுகிற ஆயுதம் ஒன்று குறைகிறது. பாட்டில் வெட்டுகள் குறைந்தனவா, தையல் போட வருகிற கிழிந்த பாதங்கள் குறைந்தனவா? ஊட்டியிலும் கூடலூரிலும் 2021 முதல் உள்ள ஏ.ஆர். புத்தகங்களை இரண்டு பேர் ஒரு வாரம் உட்கார்ந்து புரட்டினால் சொல்லிவிடலாம். ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். டாக்டர் கையெழுத்தைப் படிக்க எப்படியும் ஒரு டாக்டர் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அவசரப் பிரிவு மருத்துவர் ஒருவர்