பழைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

போன மாதம் காரைக்குடியில் வைத்து எங்கள் வீட்டுப் பேரேடு ஒன்றை உங்களிடம் கொடுத்தேன். என் ஐயா ரங்கூன் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலாள் வரைக்கும் வந்தவர். அது அவர் கையெழுத்து. பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, வரிவரியாகத் தட்டச்சு செய்து, நிரல் ஒன்றில் ஓட்டி அட்டவணையாகத் திருப்பித் தந்தீர்கள். பெட்டகத்தில் பூச்சி அரித்துப் போக இருந்த ஏடு அது. நன்றி மறக்க மாட்டேன். அதனால்தான் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பக்கத்தை எதிரே வைத்து ஒப்பிட்டேன். ஏட்டில் 23 வரி, அட்டவணையில் 19. நான்கு வரி விழுந்ததைப் பற்றி நிரல் மூச்சே விடவில்லை. ஐயா ௨௱௩௰௫ என்று எழுதிய 235 ரூபாய் வெறும் 2 ரூபாயாக நின்றது.

காரணத்தைத் தேடினேன். உங்கள் நிரல் ரெகெக்ஸால், அதாவது எழுத்துகளின் அமைப்பைப் பார்த்துத் தேடும் வாய்பாட்டால், இலக்கங்களைத் தேடுகிறது. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யுனிகோடில் ௧ முதல் ௯ வரை இலக்கங்கள். ௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்) மூன்றும் வேறு வகை எண்குறிகள். ஆகவே ௨ஐ எடுத்துக்கொண்டு ௱ வந்ததும் நின்றுவிட்டது. விழுந்த நான்கு வரிகளில் மூன்று, ௸ (மேற்படி) என்று தொடங்குபவை. மேற்படி ஆள் யார் என்று முந்தைய வரியைப் பார்த்தால்தான் தெரியும். தனித்தனி வரியாகப் படிக்கும் நிரலுக்கு அது எப்படித் தெரியும்? நான்காவதில் தட்டச்சு செய்தவர் ௧க்குப் பதில் க அடித்திருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், அவரைக் குறை சொல்ல முடியாது.

ரெகெக்ஸை இன்னும் நீட்டி ஒட்டுப்போடாதீர்கள். ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் பார்சர் காம்பினேட்டர் நூலகம் ஒன்றை எடுங்கள். பார்சர் என்றால் எழுத்தைப் படித்துப் பொருள் பிரிக்கும் நிரல்துண்டு; சின்னப் பார்சர்களைக் கோத்துப் பெரியது கட்ட உதவுவது இந்த நூலகம். 2001 வாக்கில் வந்த பார்செக் இருக்கிறது. 2015இல் அதிலிருந்து கிளைத்த மெகாபார்செக் இந்த வேலைக்கு இன்னும் தோது. அதில் ஒவ்வொரு சின்னப் பொருளையும் படிக்க ஒரு சின்னப் பார்சர் எழுதுவோம்: இலக்கத்துக்கு ஒன்று, ரூபாய்க்கு ஒன்று, அணாவுக்கு ஒன்று, பைசாவுக்கு ஒன்று. ரூபாய், அணா, பைசா மூன்றையும் கோத்தால் தொகை. தொகையோடு தேதி, ஆள், ௷ (வரவு) அல்லது ௶ (பற்று) சேர்ந்தால் ஒரு வரி. வரிகள் சேர்ந்தால் பக்கம். கணக்கப்பிள்ளை ஏட்டை எப்படிப் படிப்பாரோ அதே வரிசையில் நிரலும் இருக்கும். பதினாறு அணா ஒரு ரூபாய் ஆகிவிடுவதால், அணா 15ஐத் தாண்டினால் பார்சரே மறுத்துவிடச் சொல்லலாம். தொகை வரும் இடத்தில் மட்டும் க என்ற எழுத்தையும் ௧ ஆக ஏற்றுக்கொள்ளச் சொல்லலாம்; ஆள் பெயரில் உள்ள க அப்படியே இருக்கும். ௸க்கு, கடைசியாகப் பார்த்த ஆளின் பெயரைப் பார்சர் கூடவே சுமந்து வந்தால் போதும்.

ஓர் இடத்தில் கட்டாயம் தடுக்குவீர்கள், நானும் தடுக்கினேன். ஐயா சில பக்கங்களில் ௨௱௩௰௫ என்றும் சில பக்கங்களில் ௨௩௫ என்றும் எழுதியிருக்கிறார். பழைய முறை அல்லது புது முறை என்று இரண்டு பார்சரை அடுத்தடுத்து வைத்தால், முதலாவது ௨ஐ விழுங்கிய பிறகு தோற்கும்போது இரண்டாவதுக்கு வாய்ப்பே வராது. ஒன்றை விழுங்கிவிட்டால் பின்வாங்காது, அதுதான் இந்த நூலகங்களின் வழக்கம். பார்சருக்கு முன்னால் ட்ரை (try) என்ற கட்டளையைப் போட்டால் பின்வாங்கும். ஆனால் கண்ட இடத்திலெல்லாம் ட்ரை போட்டால், பிழை உண்மையில் எங்கே என்பது மங்கிப்போகும். இலக்கத்தை முதலில் பொதுவாகப் படித்துவிட்டு, அடுத்து ௱ அல்லது ௰ வருகிறதா, இன்னொரு இலக்கம் வருகிறதா என்று பார்ப்பதே எனக்குப் பிடித்த வழி. அப்புறம், ௰௫ என்றால் 15. முன்னால் ௧ இருக்காது, அதையும் மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு பார்சருக்கும் தமிழில் பெயர் வையுங்கள். படிக்க முடியாத வரி வந்தால், இத்தனையாவது வரி, இத்தனையாவது எழுத்து, இங்கே 'அணா' எதிர்பார்த்தேன் என்று நாம் வைத்த பெயரோடு சொல்லும். நிரல் தெரியாத என் அப்பச்சிகூட அதைப் பார்த்து ஏட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். மெகாபார்செக்கில் தோற்ற வரியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகவும் வழி உண்டு. ஏட்டுப் பக்க எண்ணோடு அந்த வரிகளைத் தனிக் கோப்பில் போடுங்கள். ஒரு வரி விழுந்தாலும் ஐந்தொகை, அதாவது பற்றும் வரவும் சரியாக நிற்கும் கணக்கு, தேறாது. தேறாத இரவில் கடையில் யாரும் படுக்கப் போனதில்லை என்று ஐயா சொல்வார்.

தேவகோட்டை, கண்டனூர்ப் பக்கம் இருந்தும் ஏடுகள் உங்களிடம் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவற்றைத் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். அந்த 23 வரிப் பக்கத்தை வளவில், வீட்டு உள்முற்றத்தில், விரித்து வைக்கிறேன். தொகையைப் படிக்கும் பார்சரை நான் எழுதி வைத்திருக்கிறேன். ௸ஐ நாம் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
உங்கள் அக்கா