வீட்டுக் கணக்கில் ஏறாத புகை

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவநிலை மாற்றம் என்றாலே வீட்டில் விளக்கை அணையுங்கள் என்ற அறிவுரைதான் முதலில் வருகிறது. இந்தியா ஐ.நா.வுக்கு அளித்த அறிக்கைப்படி, 2020-இல் நாட்டின் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 76 விழுக்காடு எரிசக்தித் துறையிலிருந்து வந்தவை. விவசாயம் ஏறத்தாழ 14. வீட்டு அடுப்பின் நேரடிப் பங்கு மிகச் சிறிது.

சரி, அதற்காக நமக்குப் பொறுப்பில்லை என்று ஒதுங்க முடியாது. நம் ஏசியும் ஃப்ரிட்ஜும் இழுக்கும் மின்சாரத்தின் புகை அனல்மின் நிலையத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. நாட்டின் மின் பயன்பாட்டில் ஏறக்குறைய கால்பங்கு வீடுகளுடையது.

ஏசியை 24 டிகிரியில் வைப்பது நம் கையில் இருக்கிறது. மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறதா, காற்றாலையிலிருந்தா என்பது நம் கையில் இல்லை. வாடகைக்கு இருப்பவர் சோலார் போட விரும்பினாலும் மொட்டைமாடி அவருடையதல்ல. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. பலர் சேர்ந்து ஓரிடத்தில் சோலார் அமைத்து, அந்த யூனிட்டுகளை அவரவர் பில்லில் கழித்துக்கொள்ள டெல்லியில் 2019-லேயே விதிமுறை வந்துவிட்டது. தமிழக வாடகைதாரர்களுக்கும் அது எளிதாகக் கிடைக்க மின்வாரியம் வழிசெய்ய வேண்டும்.

வாசகர், மதுரை